அக்கா பிரேக் பிடித்தது சரி

என் அக்காவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அதை நம்பி அவர் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டார். இரண்டு குளிர்காலம், பனி நாட்களில் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனார். அந்தப் பொய் நாலு சில்லும் இழுக்கும் மின்சாரக் காரைப் பற்றியது. எங்கள் ஆட்களில் பலர் இன்று அதே வகைக் காரை வாங்கப் போகிறார்கள். அன்று நான் போட்டது போன்ற ஓர் அட்டவணைதான் அவர்கள் கையிலும் இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று பரந்து கிடக்கிற எங்கள் குடும்பத்தில் யார் கார் வாங்குவதென்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். நான் மெக்கானிக் அல்ல, கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன். விலை, வட்டி, லீஸ், பெற்றோல் செலவு, காப்புறுதி எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக் கீழே ஒரு மொத்தம் காட்டுவேன். அந்த மொத்தத்தைப் பார்த்ததும் ஆட்களுக்கு ஒரு நிம்மதி வரும். "அவன் பார்த்துச் சொன்னால் சரி" என்று பெரியம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது ஒருமுறை என் காதில் விழுந்தது. அந்தப் பெயரை நான் விரும்பினேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் அது போய்விடும் என்று பயந்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்தப் பயம்தான்.

2022 இல் அக்காவின் பழைய கார் இனித் திருத்திப் பயனில்லை என்ற நிலைக்கு வந்தது. ஒன்ராறியோவில் பெற்றோல் லீற்றர் இரண்டு டொலரைத் தாண்டிப்போன வருடம் அது. மின்சாரக் காருக்கு மத்திய அரசு 5,000 டொலர் வரை கொடுத்துக்கொண்டிருந்தது. மாகாண அரசு தன்னுடைய உதவியை 2018 இலேயே நிறுத்திவிட்டிருந்தது. அக்காவுக்கு ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. காலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ற். பனி கொட்டினாலும், உறைமழை பெய்தாலும் போகத்தான் வேண்டும். கட்டிலில் கிடக்கிற கிழவர்களுக்கு விடுமுறை இல்லை. "தம்பி, பாதுகாப்பான ஒண்டாப் பார்" என்று மட்டும் சொன்னார். நிறம்கூடக் கேட்கவில்லை.

நான் அட்டவணை போட்டேன். ஹுண்டாய் ஐயொனிக் 5, கியா ஈவி6, ரெஸ்லா மொடல் வை, வொக்ஸ்வாகன் ஐடி.4, ஃபோர்ட் மஸ்ராங் மாக்-ஈ, ரொயோற்றா பிஸி4எக்ஸ், அதன் உடன்பிறப்பான சுபாரு சொல்ரெரா, அப்போது வரவிருந்த நிசான் ஆரியா எல்லாம் அதில் இருந்தன. பிழையான தகவல் எதுவும் இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சரியான தகவல்களை மட்டும் வைத்துக்கொண்டே ஓர் ஆளைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

பெற்றோல் காரில் நாலு சில்லும் இழுக்க வேண்டுமென்றால், முன்னால் இருக்கும் எஞ்சினிலிருந்து பின்சில்லு வரைக்கும் அடியில் ஓர் இரும்புத் தண்டு ஓடவேண்டும். மின்சாரக் காரில் அந்தத் தண்டு இல்லை. முன்னுக்கு ஒரு மோட்டர், பின்னுக்கு ஒரு மோட்டர். எதற்கு எவ்வளவு விசை என்பதைக் கணினி கண் இமைக்கும் நேரத்துக்குள் பல தடவை மாற்றிக்கொண்டிருக்கும். சில்லு வழுக்கத் தொடங்கினால் நீங்கள் உணர முதலே விசையைக் குறைத்துவிடும். எந்தப் பழைய ஜீப்பாலும் இவ்வளவு நுணுக்கமாகச் செய்ய முடியாது.

கம்பனிக்குக் கம்பனி வித்தியாசப்படுவது, இரண்டாவது மோட்டர் தேவைப்படாத நேரத்தில் அதை என்ன செய்வது என்பதில்தான். காந்தம் பதித்த மோட்டர் சும்மா சுழன்றாலும் காரைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் மொடல் வையிலும் ஐடி.4 இலும் முன்பக்கத்துக்குக் காந்தமில்லாத இன்டக்‌ஷன் மோட்டரைப் போட்டிருக்கிறார்கள். மின்சாரம் கொடுக்காதபோது அது தடையில்லாமல் சுழலும். ஐயொனிக் 5, ஈவி6 இரண்டிலும் முன்மோட்டர் காந்தமுள்ளது. ஆனால் வேண்டாத நேரத்தில் அதை அச்சிலிருந்து கழற்றிவிட ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். ஆரியாவின் மோட்டர்களில் காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள். பிஸி4எக்ஸ், சொல்ரெராவில் முன்னுக்கும் பின்னுக்கும் 80 கிலோவாற் மோட்டர் ஒவ்வொன்று, சமபங்கு. இதையெல்லாம் இரவிரவாக இருந்து படித்தேன். அக்காவுக்கும் விளங்கப்படுத்தினேன். வேலை முடிந்து வந்த களைப்போடு, தேத்தண்ணி ஆற ஆற, தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மோட்டருக்குக் கொடுக்கும் விலை காசு மட்டுமல்ல என்பதும் அட்டவணையிலேயே இருந்தது. 2022 ஐயொனிக் 5 இன் 77.4 கிலோவாற் மணி பற்றரியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்கில், பின்சில்லு மட்டும் இழுத்தால் 303 மைல், நாலும் இழுத்தால் 256 மைல். அதாவது 488 கிலோமீற்றர், 412 கிலோமீற்றர் அளவில். பிஸி4எக்ஸில் முன்சில்லு மட்டும் இழுத்தால் 252 மைல், நாலும் இழுத்தால் 228 மைல். பிறகு வந்த மொடல்களில் இடைவெளி குறைந்திருக்கிறது, ஆனால் இல்லாமற் போகவில்லை. குளிர் தன் பங்கை இதற்கு மேலாக எடுக்கும். நோர்வேயின் வாகன ஓட்டுநர் சங்கம் 2020 இலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் கார்களைப் பற்றரி தீரும்வரை ஓட்டிப் பார்த்து முடிவை வெளியிடுகிறது. கனடிய வாகனச் சங்கமும் 2025 பெப்ரவரியில் ஒட்டாவாவிலிருந்து மொன்-ரிராம்ப்ளா வரைக்கும் ஓட்டிப் பார்த்தது. சொல்லப்பட்ட தூரத்தில் 14 தொடக்கம் 39 வீதம் வரை குறைந்தது. அக்காவின் ஓட்டம் ஸ்காபரோவுக்குள்தான். தூரம் அவருக்குப் பிரச்சினையே இல்லை. ஆகவே இரண்டாவது மோட்டர் வேண்டும் என்பதற்கு எதிராக நிற்க அட்டவணையில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியிருந்தது. வின்ரர் ரயர்.

அக்காவிடம் இருந்த காசுக்கு ஓர் எல்லை இருந்தது. பின்சில்லு மட்டும் இழுக்கும் கார் எடுத்தால், ரிம்மோடு சேர்த்து நாலு வின்ரர் ரயர் வாங்கியும் மிச்சம் வரும். நாலு சில்லும் இழுக்கும் கார் எடுத்தால் சில ஆயிரம் டொலர் கூட. ரயரையும் சேர்த்தால் எல்லையைத் தாண்டும். மொத்தம் சிவப்பில் வந்தது. நான் அந்த ரயர் வரியை அழித்தேன். மொத்தம் கறுப்பானது.

ஏன் அப்படிச் செய்தேன்? அறியாமையால் என்று சொல்லித் தப்ப வழியில்லை. ரயர்தான் நிறுத்தும், மோட்டர் நிறுத்தாது என்று எனக்குத் தெரியும். கனடாவுக்கு வந்த முதல் வருடமே அதைக் கேட்டிருக்கிறேன். உண்மை வேறு. அதே வருடம், அக்காவுக்கு முதல், நானும் நாலு சில்லும் இழுக்கும் மின்சாரக் கார் ஒன்றை எடுத்திருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது அதன் வேகம். ஐயொனிக் 5 இல் பின்மோட்டர் மட்டும் என்றால் 225 குதிரைவலு, இரண்டும் சேர்ந்தால் 320. நிற்கிற இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொட ஒரு மோட்டருக்கு ஏழு செக்கனுக்கு மேல் எடுக்கும், இரண்டுக்கு ஐந்து செக்கனளவில் முடிந்துவிடும். மற்றக் கம்பனிகள் பலவற்றிலும் ஏறக்குறைய இதுதான் கதை. 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் அந்த உந்தல் முதுகை இருக்கையோடு சேர்த்து அமத்தும்போது எனக்குக் கிடைத்த சந்தோசத்தை வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. மனைவியிடம் "சினோவுக்குப் பாதுகாப்பு" என்று சொல்லித்தான் கூடக் காசு கொடுத்தேன். அந்தக் காரணத்தைச் சொல்லச் சொல்ல நானே அதற்குள் குடிபுகுந்துவிட்டேன். பிறகு அக்காவும் அதே காரணத்துக்காக அதே வகைக் காரை எடுத்தால் என் காரணம் உண்மையாகிவிடும் போல இருந்தது. என் ஆசைக்கு ஒரு துணை தேடினேன். அந்தத் துணைக்கு அக்காவின் காசு போனது.

அக்காவின் கணவரான அத்தான் மட்டும் கேட்டார். ரொறன்ரோவுக்கு வருவதற்கு முதல் அவர் மொன்றியலில் பல வருடம் டெலிவரி வான் ஓடியவர். நான் கொடுத்த தாளைக் கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை விரலை வைத்து வாசித்தார்.

"தம்பி, வின்ரர் ரயர் கணக்கில காணேல்லை. மறந்திட்டியோ?"

"நாலு சில்லும் இழுக்கேக்க அது தேவையில்லை, அத்தான்."

"மொன்றியலில எல்லாக் காருக்கும் போடவேணும் எண்டுதான் சட்டம்."

"அது கியூபெக். இஞ்ச ஒன்ராறியோவில அப்பிடி ஒண்டுமில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேல் வைத்தார். அதன்பின் ஒன்றும் பேசவில்லை. அவர் சொன்னது முழுக்கச் சரி. கியூபெக்கில் டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம், எத்தனை சில்லு இழுக்கிறது என்று அந்தச் சட்டம் கேட்பதே இல்லை. ஒன்ராறியோவில் அப்படிக் கட்டாயமில்லை என்பதும் உண்மைதான். ஆனால் வின்ரர் ரயர் போட்டிருப்பவருக்குக் காப்புறுதியில் கழிவு கொடுக்கவேண்டும் என்று 2016 ஜனவரியிலிருந்து இங்கேயும் விதி இருக்கிறது. கழிவு கொடுக்கச் சொல்கிறார்கள் என்றால் ஏன் என்று ஒரு கணக்காளனாவது யோசித்திருக்க வேண்டும். பனியிலேயே தொழில் செய்து பிழைத்த ஒரு மனிதரின் அனுபவத்தை நான் ஒரு தாளைக் காட்டி வாயடைக்க வைத்தேன்.

அன்று அந்தத் தாளில் நான் போட்டிருக்கவேண்டிய கணக்கு இது. 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் காய்ந்த றோட்டில், உராய்வுக் குணகம் 0.8 என்று வைத்தால், பிரேக் பிடித்ததிலிருந்து 12 மீற்றரளவில் நிற்கும். இறுகிய பனியில் குணகம் 0.2 க்கு விழுந்தால் 49 மீற்றர். வழவழத்த ஐஸில் 0.1 என்றால் 98 மீற்றர். இந்தச் சூத்திரத்தில் காரின் எடைகூட வெட்டுப்பட்டுப் போகிறது. எத்தனை மோட்டர் என்பதற்கு அங்கே இடமே இல்லை. எல்லாக் காரிலும் நாலு சில்லிலும் பிரேக் இருக்கிறது. மிஞ்சுவது ஒன்றே ஒன்று, றப்பர் றோட்டைப் பிடிக்கிற பிடி.

அந்த றப்பர் விசயத்தில் ஓல் சீசன் என்ற பெயரை நம்பக்கூடாது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகப் போக அந்த றப்பர் இறுகிக்கொண்டே வரும். இங்கே நவம்பரிலிருந்தே அந்த நிலைதான். வின்ரர் ரயரின் றப்பர் குளிரிலும் இளகி இருக்கும்படி செய்யப்பட்டது. ரயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனிப்பூ, இந்த முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பனியில் சோதித்து ஒரு மட்டத்தைத் தாண்டிய ரயருக்குத்தான் அது கிடைக்கும். சேறும் பனியும் என்று எழுத்தில் மட்டும் போட்டிருந்தால் அது ரயரின் வெட்டு அமைப்பைப் பற்றியது, அதற்குச் சோதனை தேவையில்லை. மாற்றி மாற்றிப் பூட்ட வசதியில்லாதவர்களுக்கு, ரயரை வைக்க இடமில்லாத கொண்டோக்காரருக்கு, அந்த மலை முத்திரையோடு ஓல் வெதர் என்ற வகை இருக்கிறது. நல்ல வின்ரர் ரயருக்கு அது ஈடாகாது. ஆனாலும் ஓல் சீசனை விட எவ்வளவோ மேல்.

நாலு சில்லும் இழுப்பதால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரவு பனி வழிக்கும் வண்டி போனபின் வீட்டு வாசலில் முழங்காலளவுக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும், அதைத் தாண்டி வெளியே வர அது உதவும். ஏற்றத்தில் சிவப்பு விளக்குக்கு நின்று மறுபடி எடுக்க உதவும். இன்னொன்றும் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. மின்சாரக் காரில் அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டர் காரை மெதுவாக்கி மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பும். ஒரு மோட்டர் மட்டும் பின்னுக்கு இருந்தால் அந்தத் தடை முழுவதும் பின்சில்லில்தான் விழும், ஐஸில் காரின் பின்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். இரண்டு மோட்டர் இருந்தால் தடையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். ஒற்றை மோட்டர் காரிலும் அந்தத் தடையின் அளவைக் குறைத்து வைக்கப் பெரும்பாலும் வழி இருக்கிறது. பனி நாளில் அதைக் குறைத்துவிட்டு ஓடப் பழகினால் போதும்.

இதே நன்மைக்குள் ஒரு பொறியும் இருக்கிறது. இரண்டு சில்லு இழுக்கும் பழைய கார் பனியில் வெளிக்கிடும்போதே உழன்று, வழுக்கி, றோட்டின் நிலையை ஓட்டுகிறவருக்கு அறிவித்துவிடும். அவர் பயந்து மெதுவாகப் போவார். நாலு சில்லும் இழுக்கும் மின்சாரக் கார் அந்த எச்சரிக்கையைத் தருவதில்லை. வெயில் நாளில் எடுபடுவது போலவே எடுபடும். றோட் எவ்வளவு வழுக்குகிறது என்ற செய்தி ஓட்டுகிறவருக்கு முதல்முதலாகக் கிடைப்பது பிரேக்கில் கால் வைக்கும்போதுதான்.

அக்காவுக்கு அது மோர்னிங்சைட் வீதியில் கிடைத்தது. எல்ஸ்மியரிலிருந்து தெற்கே வரும்போது ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்குக்கு இறங்குகிற சரிவு அது. டிசம்பர் மாதம், முதல்நாள் பெய்த ஈரப்பனி இரவில் உறைந்து அதன்மேல் புதுப்பனி தூவியிருந்தது. என் மருமகளுக்கு, அதாவது அக்காவின் மகளுக்கு, அன்று பள்ளிக்கூடம், பின் இருக்கையில் இருந்தாள். சரிவின் அடியில் வாகனங்கள் நிரையாக நின்றன. அக்கா வேகமாக வரவில்லை. நின்ற நிரையைத் தூரத்திலேயே கண்டு பிரேக்கை அமத்தியிருக்கிறார். கார் நிற்கவில்லை. முன்னால் நின்ற வானின் பின்கதவில் போய் இடித்தது. வானில் இருந்தவருக்கு ஒன்றுமில்லை. அக்காவுக்குக் கழுத்து நோ. மருமகளின் தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே, சீற் பெல்ற் இறுக்கிய இடத்தில், கருநீலமாக ஒரு பட்டை. காரில் எந்தக் கோளாறும் இல்லை என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். செய்யச் சொல்லி வடிவமைத்த எல்லாவற்றையும் அந்தக் கார் செய்திருந்தது.

அன்று பின்னேரம் அக்கா வீட்டு ஹோலில் இருந்தேன். அவர் கழுத்துக்குச் சுடுதண்ணிப் பை வைத்துக்கொண்டு, கையால் காற்றில் ஸ்ரியரிங்கைப் பிடித்துக் காட்டிச் சொன்னார்:

"கால் அடியில பிரேக் தடதடவெண்டு துடிச்சுது தம்பி. நான் காலை எடுக்கேல்லை. அமத்திக்கொண்டுதான் இருந்தனான். பேந்தும் கார் போய்க்கொண்டே இருந்தது. நான் என்ன பிழை விட்டனான்?"

அந்தத் துடிப்பு ஏ.பி.எஸ். வேலை செய்கிற துடிப்பு. சில்லு இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் செக்கனுக்குப் பல தடவை பிரேக்கை விட்டுப் பிடிக்கிற வேலையை அதுவே செய்யும். ஓட்டுகிறவர் செய்யவேண்டியது ஒன்றுதான். பலமாக அமத்தி, துடித்தாலும் காலை எடுக்காமல் வைத்திருக்கவேண்டும். அக்கா செய்தது அச்சொட்டாக அதேதான். பிடித்து நிறுத்தத்தான் ரயர் இல்லை. அந்த ரயர் வரியை அழித்தவன் எதிரே சோபாவில் இருந்தான்.

அத்தான் குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கமுதல் நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, அப்பிடி ஒரேயடியா அமத்தக்கூடாது. சினோவில பிரேக்கை விட்டு விட்டுத் தட்டவேணும். நீங்கள் பயந்திட்டியள்."

விட்டு விட்டுத் தட்டுவது ஏ.பி.எஸ். இல்லாத காலத்துப் பழக்கம். 2011 செப்டெம்பருக்குப் பிறகு செய்த சாதாரண கார்கள் எல்லாவற்றிலும் கார் நிலைகுலையாமல் காக்கும் ஏற்பாடு இருக்கவேண்டும் என்பது கனடாவில் சட்டம். அந்த ஏற்பாடு வேலை செய்வதே ஏ.பி.எஸ். பொறிகளை வைத்துத்தான். அக்காவின் காரில் விட்டு விட்டுத் தட்டினால் நிற்கும் தூரம் கூடும். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சொன்னேன். யோசிக்க நேரம் எடுத்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று அவசரப்பட்டுச் சொன்னேன். அக்கா சுடுதண்ணிப் பையைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஓம், நான் பயந்துதான் போனன்" என்றார். அத்தான் உள்ளே போய்விட்டார்.

கார் திருத்தி வந்தது. பனியில்லாத நாட்களில் ஓடினார். பனி அறிவிப்பு வந்தால் முதல்நாளே சாவியை ஆணியில் கொழுவிவிட்டு விடிய இருட்டோடு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். இரண்டு பஸ் மாறவேண்டும். நான் அந்த வழியால் வேலைக்குப் போகும் நாட்களில் தரிப்பிடத்தில் அவரைக் கண்டிருக்கிறேன், கோட்டுத் தொப்பியை இழுத்து மூடியபடி நிற்பார். நிறுத்தி ஏற்றிக்கொண்டு போவேன். வழி முழுக்க என்னென்னவோ கதைப்போம். அதை மட்டும் சொல்லமாட்டேன். என் காருக்கு அந்த வருடமே வின்ரர் ரயர் போட்டுவிட்டேன். ரயர் மாற்றியதை அவர் கவனிக்கவில்லை, நானாகச் சொல்லவுமில்லை. என் பிழையை என் காரில் திருத்திக்கொண்டேன், அவருடைய காரை அப்படியே விட்டேன். இதைத்தான் என்னால் இன்றும் எனக்கே விளங்கப்படுத்த முடியவில்லை.

மருமகள் பதினாறு வயதாகி, ஓட்டப் பழகுவதற்கான ஜி1 அனுமதி எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தொகுதி ஒன்றின் வெறும் பார்க்கிங் லொட்டில் அக்கா அவளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். நான் பின் இருக்கையில். தரையில் மெல்லிய பனி.

"இஞ்ச பார் பிள்ளை. சினோவில பிரேக்கை ஒரேயடியா அமத்தாதை. விட்டு விட்டுத் தட்டு. நான் அண்டைக்கு அமத்தித்தான் அந்த வானில கொண்டுபோய் இடிச்சனான்."

மருமகள் தலையாட்டினாள். காலால் பிரேக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். என் பொய் பாடமாகி அடுத்த தலைமுறையின் காலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒருநாள் தனியே ஓடுவாள், ஒருநாள் உண்மையாகவே அவசரமாக நிற்கவேண்டி வரும். காரை நிறுத்தச் சொன்னேன். மருமகளுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். ரயர் வரி, அதை அழித்தது, அத்தான் கேட்டது, பிரேக் துடித்ததற்கு அர்த்தம், அன்று சோபாவில் இருந்து சொன்னது, எல்லாம்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப நான் அண்டைக்குச் செய்தது சரியோ?"

"சரி அக்கா. அதைவிட ஒருத்தராலயும் செய்யேலாது."

"ரெண்டு வின்ரர் நான் பஸ்ஸுக்கு நிண்டனான்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மருமகளிடம், "சரி, மாமா சொன்ன மாதிரி அமத்திப் பார்" என்றார். மருமகள் கொஞ்சம் வேகம் எடுத்து அமத்தினாள். காரின் தரை தடதடத்தது. "இதுதான் அந்தத் துடிப்பு, காலை எடுக்காதை" என்று அக்காதான் சொன்னார். அத்தானிடம் அன்றிரவே போய்ச் சொன்னேன். அவர், "எனக்குத் தெரியும். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அக்காவின் காருக்கு வின்ரர் ரயர் வாங்கிக் கொடுக்கிறேன் என்றேன், காசை ஏற்கவில்லை. தாங்களே வாங்கிப் பூட்டினார்கள். கடும்பனி நாளில் அக்கா இன்னும் காரை எடுப்பதில்லை. பயம் ஒருமுறை காலில் ஏறினால் ரயர் மாற்றியதும் இறங்கிவிடாது.

எனக்கு இப்போதும் போன் வருகிறது, ஆனால் முன்னைப்போல இல்லை. மத்திய அரசின் 5,000 டொலர் 2025 ஜனவரியில் காசு முடிந்து நின்றதிலிருந்து கேட்கிறவர்கள் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் ரயரைக் கேட்கிறேன். காரின் விலையோடு நாலு வின்ரர் ரயரையும் ரிம்மையும் கூட்டுங்கள், அதற்குப் பிறகும் காசு மிஞ்சினால் இரண்டாவது மோட்டரைப் பற்றிக் கதைப்போம் என்கிறேன். வீட்டு வாசல் ஏற்றமா, கொட்டேஜ் பக்கம் அடிக்கடி போவீர்களா, பாரிக்கு வடக்கே வேலையா, அப்படியென்றால் இரண்டாவது மோட்டருக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் உண்டு. ஸ்காபரோவுக்குள் மட்டும் ஓடுகிறவருக்குப் பின்சில்லு இழுக்கும் காரும் நல்ல ரயரும் தாராளம். 20 அங்குல ரிம் வடிவாக இருக்கும், ஆனால் அந்த அளவில் வின்ரர் ரயர் விலை கூட, ஓடும் தூரமும் குறையும். 18 அல்லது 19 அங்குலம் அந்தக் காருக்குப் பொருந்துமா என்று டீலரிடம் கேளுங்கள். வேகம் பிடித்திருந்தால் வேகத்துக்காக வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாங்குங்கள். அதில் குற்றமில்லை.

என் அட்டவணையை நம்பி நாலு சில்லும் இழுக்கும் கார் எடுத்த மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன். பெரியம்மாவின் மகள் அந்தக் கிழமையே ரயர் மாற்றினாள். இன்னொருவர் கோபப்பட்டார், அவருக்கு அதற்கு உரிமை உண்டு. ஏஜாக்ஸில் இருக்கிற மச்சான்தான் அசைகிறான் இல்லை. "இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே" என்கிறான். எங்கள் இருவரின் கார்களையும் கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்போம் என்று கேட்டிருக்கிறேன். அவன் வேலை செய்யும் களஞ்சியத்துக்குப் பின்னால் பெரிய முற்றம் இருக்கிறது, சனி ஞாயிறில் வெறுமையாகக் கிடக்கும், பொறுப்பாளரிடம் அனுமதி எடுத்துவிட்டான். இரண்டு காருக்கும் நாலு சில்லும் இழுக்கும், என்னுடையதில் வின்ரர் ரயர், அவனுடையதில் ஓல் சீசன். பனி விழுந்ததும் ஒரே கோட்டிலிருந்து 30 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் பிடித்து, எது எங்கே நிற்கிறது என்று நாடாவால் அளப்பதாகப் பேச்சு. அத்தானும் வருகிறேன் என்றிருக்கிறார். அளவுநாடா அவருடையது.